ஏழரை ஆம்பியர்

மணியம்மா வீட்டு வாசல் சுவரில் பக்கிரிசாமி சாக்பீஸால் எழுதிய கணக்கு பத்து நாள் அப்படியே கிடந்தது. அவளாவது அழித்திருக்கலாம், அழிக்கவில்லை. மழை அழித்திருக்கலாம், கேமரன் மலையில் மழைக்கா பஞ்சம். ஆனால் கூரை நன்றாக இறங்கியிருந்ததால் சாரல் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பக்கிரிசாமி அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். தாண்டும்போதெல்லாம் முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொள்வான். தன் கையெழுத்தையே பார்க்க முடியாமல் ஒரு மனிதன் போகிறான் என்றால் அது என்ன காரியம் செய்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருஷம் அது. ரிங்லெட்டுக்கு மேலே, ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருந்த தோட்டம். பேக்டரி ஜெனரேட்டரிலிருந்து சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கரண்டு விடுவார்கள். வீட்டுக்கு இரண்டு பல்பு, ஒவ்வொன்றும் நாற்பது வாட். அதற்குமேல் எதுவும் கூடாது என்பது துரையின் சட்டம். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் என்று யாராவது மாட்டினால் அந்த வீட்டுக்குக் கரண்டே கிடையாது.

பக்கிரிசாமி அந்தத் தோட்டத்து வயர்மேன். மூன்றாம் லயத்துக் கடைசி வீட்டில் பிறந்தவன். ஈப்போவுக்குப் போய் மூன்று மாதம் படித்து, பரீட்சை எழுதி, முத்திரை குத்திய தாளோடு திரும்பி வந்த முதல் ஆள். பெருமை என்றால் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. சட்டைப் பையில் சிவப்பு நோட்டு, காதில் பென்சில். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்லிக்கொண்டிருப்பான். சின்னப் பிள்ளைகள் அவனுக்கு 'ஆம்பியர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதுவும் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஒரே ஒரு குறை, வேலை இன்னும் தற்காலிகம்.

அந்தச் சமயம் பார்த்து மூன்றாம் லயத்தில் தொல்லை ஆரம்பித்தது. இரண்டு வாரமாக, எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டு, ஆறே முக்கால் ஆனதும் லயத்தின் தலைமாட்டுக் கம்பத்தில் இருந்த பியூஸ் போய்விடும். பத்து வீடும் இருட்டு. இவன் ஓடி வந்து புதுக் கம்பி கட்டுவான், மறுநாள் மறுபடி போகும். தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தா பெரிய கிராணி அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எவனோ ஹீட்டர் போட்டுக் குளிக்கிறான்பா. கண்டுபுடி. கண்டுபுடிச்சிட்டா துரை உன்ன நிரந்தரம் பண்ணிடுவாரு, நான் சொல்றேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் பேக்டரியிலிருந்து கிளாம்ப் மீட்டரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். இடுக்கி மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வுகிற கருவி அது. வயரை வெட்ட வேண்டாம், உரிக்க வேண்டாம், உள்ளே ஓடுகிற கரண்டை முள் காட்டிவிடும். தலைமாட்டுக் கம்பத்தில், லயத்துக்குப் போகும் வயரில் அதை மாட்டினான். லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. முள் அளவுக்கோட்டின் அடியிலேயே நின்றது, எண் தெளிவாகத் தெரியவில்லை. ஈப்போ வாத்தியார் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. வயரை மீட்டர் வாய்க்குள் இன்னொரு சுற்றுச் சுற்றினான். முள் துள்ளி மேலே வந்தது. ஏழரை ஆம்பியர்.

பக்கிரிசாமி கூட்டத்தைப் பார்த்து வாய்விட்டே கணக்குப் போட்டான். பத்து வீடு, இருபது பல்பு, எண்ணூறு வாட். இருநூற்று நாற்பது வோல்ட்டால் வகுத்தால் மூன்றே கால் ஆம்பியருக்கு ஒரு பொடி அதிகம். நியாயமாக அவ்வளவுதான் ஓட வேண்டும். ஓடுவதோ ஏழரை. நாலு ஆம்பியருக்கு மேல் எவனோ விழுங்குகிறான். அதை இருநூற்று நாற்பதால் பெருக்கினால் ஆயிரம் வாட்.

"ஆயிரம் வாட் ஹீட்டர் ஒண்ணு இந்த லயத்துல இருக்கு" என்றான்.

காளியண்ணன் கங்காணி அவன் பக்கத்திலேயே நின்றிருந்தார். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். "அப்ப வீடு வீடா பாத்துரு லா" என்றார். முதல் நாலு வீட்டில் ஒன்றுமில்லை. ஐந்தாவது மணியம்மா வீடு. அடுப்படிச் சுவரில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் சுருள் கம்பி, கறுப்புக் கைப்பிடி, கைப்பிடியைச் சுற்றி வயர், வயர் முனையில் பிளக். தண்ணீரில் முக்கிச் சூடாக்கும் ஹீட்டர். கைப்பிடியில் பொறித்திருந்ததை அவன் உரக்கப் படித்தான். இருநூற்று நாற்பது வோல்ட், ஆயிரம் வாட்.

மணியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் போய்ப் பல வருஷம். கொழுந்து எடுக்கிறவள், வாரம் மூன்று காலை துரை பங்களாவில் வாசல் பெருக்குகிறவள், ஒரு பசு மாடு வைத்திருந்தாள். அவள் பதறவில்லை.

"அது மத்து லா தம்பி" என்றாள். "கெட்டுப் போச்சுன்னு பங்களாவுல குப்பையில போட்டாங்க. எடுத்துக் கழுவி மோர் கடையறேன். சுருளு நல்லா வெண்ணெ எடுக்குது."

கங்காணி, "ஆயிரம் வாட்டு மத்தா?" என்றார். லயமே சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. பக்கிரிசாமியும் சிரித்தான். சுருளின் இடுக்கில் வெண்ணெய் ஒட்டியிருந்ததை அவன் கண்ணாலேயே பார்த்தான், விரலிலும் பட்டது. பட்டு என்ன செய்ய, கணக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதே. அங்கேயே பிளக்கைக் கரண்டில் சொருகி ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா, நீ பொய் சொல்லலாம். கரண்டு பொய் சொல்லாது" என்றான்.

சொன்னதோடு விட்டானா. சாக்பீஸை எடுத்து அவள் வாசல் சுவரிலேயே, வாட் வோல்ட் ஆம்பியர் எல்லாம் போட்டு, கீழே ஏழரை என்பதற்கு இரண்டு கோடு இழுத்துக் கணக்கை எழுதிக் காட்டினான். பிறகு கம்பத்தில் ஏறி அவள் வீட்டு வயரை அறுத்துவிட்டான். ஹீட்டரைத் தன் சாமான் பையில் போட்டுக்கொண்டான். அவன் ஈப்போவில் இருந்த மூன்று மாதமும் கர்ப்பமாக இருந்த அவன் பெண்டாட்டி நவமணிக்குத் தினம் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தவள் இந்த மணியம்மா. அந்த மோர் எந்த மத்தில் கடைந்ததோ, அது அப்போது யார் நினைப்பிலும் இல்லை.

கரண்டு போனதை மணியம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிக்கொண்டாள். அடி விழுந்தது வேறு இடத்தில். மாரியம்மன் திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஏழு வருஷமாகக் கரகம் தூக்குகிறவள் அவள். வருஷம் முழுக்கக் குனிந்து கொழுந்து பறிக்கிறவள் அந்த ஒரு நாள்தான் தலை நிமிர்ந்து, மஞ்சள் சேலையில், லயத்து வாசல் ஒவ்வொன்றிலும் சாமியாக நிற்பாள். சனிக்கிழமை கமிட்டி கூடியது. திருட்டுப் பேர் வாங்கின கை கரகத்தைத் தொடக் கூடாது என்று கங்காணி சொன்னார். எட்டாம் வீட்டு இராசம்மா தூக்கட்டும் என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அவிழ்க்கவும் கூடாது, ஆளை மாற்றவும் கூடாது.

மூன்று நாள் ஒழுங்காக எரிந்துவிட்டு, திங்கட்கிழமை சாயங்காலம், ஆறே முக்காலுக்கு, மூன்றாம் லயத்து விளக்கு மறுபடியும் அணைந்தது.

பக்கிரிசாமிக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டு வயரை அறுத்தது அவன்தான். அறுத்த முனை அங்கேயே காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் இப்போது விழுங்குகிறது யார்? புதுக் கம்பி கட்டி விளக்கை வரவைத்து மீட்டரை மாட்டினான். வியாழக்கிழமை செய்த மாதிரியே வயரை இன்னொரு சுற்றுச் சுற்றி மாட்டினான். ஒன்பது வீட்டுக்கு மூன்று ஆம்பியர் காட்ட வேண்டும். முள் ஏழுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஹீட்டர் இவன் பையில் இருக்கிறது, ஹீட்டர் தின்ற கரண்டு மட்டும் இன்னும் வயரில் ஓடுகிறது.

டார்ச்சை மீட்டர் வாய்க்கு நேரே பிடித்துப் பார்த்தான். வயர் இரண்டு முறை உள்ளே போய் வந்திருந்தது. ஈப்போ வாத்தியாரின் குரல் முழுசாகக் காதில் கேட்டது. கரண்டு குறைச்சலாக இருந்தால் வயரை இரண்டு சுற்றுச் சுற்று, முள் இரண்டு மடங்கு காட்டும், காட்டுவதைப் பாதியாக்கிக்கொள். முன்பாதியைச் செய்தவன் பின்பாதியை மறந்துவிட்டான். அன்றைக்கு ஓடியது ஏழரை இல்லை, மூன்றே முக்கால். ஆயிரம் வாட் என்று ஒன்று அந்த லயத்தில் இருந்ததே கிடையாது. அந்தத் திருடனைப் பெற்றுப் போட்டதே இவன் கணக்குத்தான்.

ஒரு சுற்றை அவிழ்த்தான். முள் மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. கணக்குக்குமேல் ஒரு நூறு வாட் இருந்தது, அவ்வளவே. அது எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே லயத்தைப் பார்த்தான். ஐந்து வீட்டு ஜன்னல் மற்றதைவிட வெளிச்சமாக இருந்தது. நாற்பதைக் கழற்றிவிட்டு அறுபது மாட்டியவர்கள். அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களில் பாதிப்பேர். அதில் கடைசி வீடு அவனுடையது. ஈப்போ போவதற்கு முன்னால், பரீட்சைக்குப் படிக்க வெளிச்சம் போதவில்லை என்று ரிங்லெட்டில் அந்த அறுபது வாட் பல்பை வாங்கி வந்தது அவனேதான்.

அந்த நூறு வாட்டுக்கெல்லாம் ஐந்து ஆம்பியர் பியூஸ் போகாது. பிறகு ஏன் போகிறது? வோல்ட் மீட்டரை எடுத்து பியூஸ் பிடிப்பின் இரண்டு முனையிலும் வைத்தான். ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் ஏழு வோல்ட் காட்டியது. ஏழை மூன்றரையால் வகுத்தால் இரண்டு ஓம். பெருக்கினால் இருபத்து நாலு வாட். ஒரு சின்னத் திருகாணியின் கழுத்தில் பாதி பல்பு அளவு சூடு எரிந்துகொண்டிருந்தது, அந்தச் சூட்டில்தான் பியூஸ் கம்பி உருகிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினான். பனியில் ஊறிப் பச்சை பிடித்த திருகாணி, கால்வாசி தளர்ந்து, சுற்றிலும் கருகிக் கிடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, சுரண்டி, இறுக்க வேண்டியது வயர்மேன் வேலை. சிவப்பு நோட்டில் போன மாதத் தேதியில் 'பியூஸ் பெட்டி பார்த்தாச்சு' என்று அவன் கையால் எழுதியிருந்தது. அன்றைக்கு மழை, திறக்காமலே எழுதியது.

கடைசியாக, வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, பையிலிருந்து ஹீட்டரை எடுத்து ஓம் பார்த்தான். நல்ல ஆயிரம் வாட் ஹீட்டர் ஐம்பத்தெட்டு ஓம் காட்டும். முள் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்து எவ்வளவு காலமோ. அதற்குள் எறும்பு அளவு கரண்டுகூடப் போயிருக்க முடியாது. அது மத்துத்தான். அவள் சொன்ன மாதிரியே மத்துத்தான். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனபோது புளித்த மோர் வாடை அடித்தது.

"என்னப்பா, திரும்பவும் அந்தப் பொம்பள வேலதானா?" என்று கங்காணி தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். 'இல்ல மாமா, தப்பு என்னுது' என்று நாலே வார்த்தை. காப்புக் கட்ட இன்னும் ஒரு நாள் முழுசாக இருந்தது.

"பாத்துக்கிட்டிருக்கேன் மாமா" என்றான்.

திருகாணியைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். வெட்கம் காதுவரை சுட்டது. நாளைக் காலை பெயர் கூப்பிடும் பெரட்டில் சொல்லிவிடுவேன், எல்லாரும் இருப்பார்கள், அதுதான் முறை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான். போகிற வழியில் மணியம்மா தன் வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் குனிந்த தலை நிமிராமல் நடந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பெரட்டில் எல்லாரும் இருந்தார்கள். பெரிய கிராணி கையில் ஒரு காகிதமும் இருந்தது. பெயர் கூப்பிடும் முன்னாலேயே அதைப் படித்தார். களவைக் கண்டுபிடித்த வயர்மேன் பக்கிரிசாமியின் திறமையைப் பாராட்டித் துரை அவனை இன்று முதல் நிரந்தரம் செய்கிறார். ஜனங்கள் கை தட்டினார்கள். நவமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். மணியம்மா இரண்டாவது வரிசையில், கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியபடி அவனையே பார்த்தாள். முறைக்கவில்லை, சும்மா பார்த்தாள். சொல்ல வேண்டியது மூன்று தடவை தொண்டைவரை வந்தது. நவமணியின் சிரிப்பைப் பார்த்து அதை மூன்று தடவையும் விழுங்கினான்.

அன்று சாயங்காலம் கோயிலில் அவன் ஏணிமேல் நின்று வாசலுக்குப் பல்பு கட்டிக்கொண்டிருந்தான். கீழே இராசம்மா கையில் மஞ்சள் துண்டு வைத்த காப்பை முடிந்தார்கள். மேளம் கொட்டியது. ஏணியிலிருந்து பார்த்தால் முடிச்சுப் போடுவது நன்றாகத் தெரிந்தது. சரி, மணியம்மா அடுத்த வருஷம் தூக்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக வந்தது.

அப்புறம்தான் பெரிய கொடுமை. விளக்கு அணையவே இல்லை. ஆறே முக்கால் ஆகும், ஏழாகும், பத்துவரை ஜம்மென்று எரியும். "பாத்தியா, திருடியப் புடிச்சதும் லைட்டு ஒழுங்கா எரியுது" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். இவன் திருகாணியை இறுக்கியதே அவளுக்கு எதிராகச் சாட்சியாகிவிட்டது. எரிகிற ஒவ்வொரு பல்பும் அவளைத் திருடி என்றது. வியாழக்கிழமை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்கே போய்விட்டான். திருகாணியைப் பழையபடி தளர்த்திவிட்டால் விளக்கு அணையும், அவள்மேல் இருக்கிற பேரும் கொஞ்சம் தளரும், இவன் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். நல்ல வேளையாக, அந்த அளவுக்கு இறங்க மட்டும் மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அறுபது வாட் பல்பைக் கழற்றினான்.

"ஏங்க அத கழட்டுறீங்க?" என்றாள் நவமணி.

"கண்ணு கூசுது."

"பரீச்சைக்குப் படிச்சப்ப கூசல?"

அவன் பழைய நாற்பதை எடுத்து மாட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. மத்தியானத்துக்கு மேல் ஆற்றங்கரையிலிருந்து கரகம் புறப்பட்டது. பூவும் வேப்பிலையுமாக இராசம்மாவின் தலைக்குமேல் மூன்றடி உயரம் நின்றது. லயத்துப் பாதையின் குறுக்கே, எதிர்க் கம்பங்களிலிருந்து வீட்டுக்கு வீடு வயர் தாழப் போகும். கரகம் அதில் முட்டாமல், நுனியில் கவை வைத்த மூங்கிலால் வயரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது வயர்மேன் வேலை. பக்கிரிசாமி முன்னால் நடந்தான். சாமான் பை தோளில் தொங்கியது, அதற்குள் ஹீட்டர் இன்னும் கிடந்தது.

முதல் வீடு. வயரைத் தூக்கினான், கரகம் நின்றது, வீட்டுக்காரி இராசம்மாவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள், கரகம் நகர்ந்தது. இரண்டு, மூன்று, நாலு, எல்லா வாசலிலும் அதே மாதிரி. ஐந்தாவது வாசலில் மணியம்மா பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு தயாராக நின்றாள். தலை குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, போன வருஷத்து மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தாள்.

"நிக்காத. அப்படியே போ" என்றார் கங்காணி இராசம்மாவிடம்.

மேளக்காரர்களும் நிற்கவில்லை. பக்கிரிசாமி பழக்கத்தில் மூங்கிலைத் தூக்கினான். மேலே தூக்க வயர் இல்லை. வெறும் ஆகாயத்தில் கவை ஆடியது. அவன் அறுத்த வயர் அது. அந்த வெறும் கவையைப் பார்த்துக்கொண்டு அவனால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை.

"நில்லுங்க" என்றான். "இந்த வாசல்ல நிக்கணும். மணியம்மாக்கா எதையும் திருடல."

மேளம் தடுமாறி நின்றது. பக்கிரிசாமி பையிலிருந்து ஹீட்டரை வெளியே எடுத்தான். மீட்டரில் வயரை இரண்டு சுற்றுச் சுற்றியதை, முள் இரண்டு மடங்கு காட்டியதை, பாதியாக்க மறந்ததைச் சொன்னான். பியூஸ் போனது தளர்ந்த திருகாணியால், அதைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதியது நான் என்றான். கூட இருந்தது ஒரு நூறு வாட், அது ஐந்து வீட்டு அறுபது வாட் பல்பு, முதல் பல்பு என் வீட்டில் என்றான். அந்தப் பேச்சு வந்ததும் கூட்டத்தில் நாலு பேர் தரையைப் பார்த்தார்கள்.

"இந்த ஹீட்டர் செத்துப் போனது. இது மத்துத்தான்" என்றான்.

"எப்பப்பா தெரிஞ்சுது?" என்றார் கங்காணி.

இவ்வளவு சொன்னவன் அதையும் சொல்லியிருக்கலாம். கடைசிப் படியில் கால் வழுக்கியது.

"இன்னிக்குக் காலையிலதான் மாமா."

கூட்டம் இளகிவிட்டது. தெரிந்த நாளிலேயே வந்து ஒத்துக்கொண்டானே, அதுக்கும் ஒரு மனசு வேணும் லா என்று யாரோ சொன்னார்கள். கங்காணி அவன் தோளைத் தட்டினார். "என்ன பண்றது தாயி, காப்பு கட்டியாச்சு. அடுத்த வருஷம் நீதான்" என்று மணியம்மாவிடம் சொன்னார். பக்கிரிசாமிக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. அந்த லேசுக்கு அவன் பிற்பாடு எத்தனையோ வருஷம் வெட்கப்பட்டான்.

மணியம்மா குடத்தை இறக்கவில்லை.

"தம்பி, இப்படி வா" என்றாள். "உன் கணக்குக்குக் கீழ பாரு. எத்தன பொட்டு இருக்கு? எண்ணிச் சொல்லு. நீதான் கணக்கு படிச்சவன்."

பத்து நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிய சுவரை அவன் அப்போதுதான் நேராகப் பார்த்தான். ஏழரைக்குக் கீழே இழுத்த இரண்டு கோட்டுக்கும் கீழே, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில், வரிசையாக விரல் பொட்டு வைத்திருந்தது.

"ஆறு" என்றான்.

"திங்கக்கெழம லைட்டு போச்சு. நீ வந்து கம்பத்தடியில ரொம்ப நேரம் நின்ன. திரும்ப வந்த லைட்டு அதுக்கப்புறம் அணையவே இல்ல. நான் திருடலன்னு எனக்குத் தெரியும். அப்ப யாரோ எதையோ சரி பண்ணியிருக்கான். சரி பண்ணுனவன் வந்து சொல்லுவான்னு இந்தப் படியிலயே ஒக்காந்திருந்தேன். வரல. பத்து மணிக்கு லைட்டு நின்னதும் எந்திரிச்சி ஒரு பொட்டு வச்சேன். தெனம் அப்படித்தான்." அவள் குரல் உயரவில்லை. "காப்பு கட்டுனது செவ்வாக்கெழம. இப்பச் சொல்லு தம்பி, இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுதா?"

இராசம்மா கரகத்தோடு அசையாமல் நின்றாள். நவமணி கூட்டத்தில் எங்கேயோ நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"இல்லக்கா" என்றான். "திங்கக்கெழமையே தெரியும்."

கங்காணியின் கை அவன் தோளிலிருந்து எடுபட்டது. மணியம்மா முன்னால் வந்து, குனிந்து, இராசம்மாவின் காலில் மஞ்சள் தண்ணீரை நிதானமாக ஊற்றி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவன் கையிலிருந்த ஹீட்டரை வாங்கினாள். சுருளை முந்தானையால் ஒரு தரம் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

மேளம் மறுபடி ஆரம்பித்தது. ஆறாம் வீட்டு வயரைத் தூக்க வேண்டும். கங்காணி மூங்கிலை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, தானே முன்னால் நடந்தார். கூட்டம் பக்கிரிசாமியைச் சுற்றிக்கொண்டு, மேலே படாமல், விலகி விலகிப் போனது. கடைசி ஆளும் போன பிறகு அவன் மட்டும் அந்த வாசலில் நின்றான்.

சுவரடியில் சிந்தியிருந்த மஞ்சள் தண்ணீரில் கையை நனைத்துக் கணக்கைத் தேய்த்தான். வாட் போனது, வோல்ட் போனது, ஏழரையும் இரண்டு கோடும் போயின. உள்ளே மோர் கடையும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பொட்டுகள்மேல் கையை வைத்து அழுத்தித் தேய்த்தான். சுண்ணாம்பு சுவரைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. நகத்தால் சுரண்டினான்.

கடையும் சத்தம் நின்றது.

"அத விட்டுரு தம்பி" என்றாள் மணியம்மா உள்ளேயிருந்து. "அது என் கணக்கு."